பழம்பாரசீகப் பொற்காப்பை நுணுகிப் பார்ப்பது எப்படி?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நகைப்பட்டறையில் தொழில் பழகும் ஒருவருக்கு, கி.மு. 550 முதல் 330 வரை பாரசீகத்தை ஆண்ட அகாமனிசிய அரசர் காலத்துப் பொன்னணிகளை நேரில் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஆயினும் லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையும் பாரிஸிலுள்ள லூவரும் அவற்றின் தெளிவான படங்களை இணையத்தில் வைத்திருப்பதால், கைப்பேசித் திரையில் பெருப்பித்தே வேலைப்பாட்டைப் பெருமளவு அறிந்துகொள்ளலாம். காப்பின் நுனியிலுள்ள சிங்கத்தலையின் அழகில் கண் நிலைத்துவிட்டால் செய்முறை பிடிபடாது. ஆகவே பற்றவைத்த இடம், கம்பியின் மேற்பரப்பு, கல் விழுந்த குழி ஆகியவற்றையே முதலில் தேடுங்கள்.

தொடக்கமாகக் காப்பின் வெளிவடிவைத் தாளில் வரையுங்கள். வளையம் மூடாமல் திறந்திருக்கும்; இரு நுனிகளிலும் விலங்குத் தலைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கும். பல காப்புகளில் திறப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் உள்நோக்கி வளைந்திருக்கும். இவ்வளவு தெளிவான அடையாளம் வேறில்லை என்பது என் எண்ணம். அகாமனிசியரின் தலைநகர்களில் ஒன்றான பெர்சிபோலிஸின் அரண்மனைப் படிக்கட்டுச் சிற்பங்களில் திறை கொண்டுவருவோர் கையிலும் விலங்குத்தலைக் காப்புகளைக் காணலாம்.

அடுத்தது கம்பி, இதற்குத்தான் கூடிய நேரம் செலவிட வேண்டும். இன்று நமது பத்தர்மார் கம்பியச்சின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக் கம்பியை மெலிய வைக்கிறார்கள். அப்படி இழுத்த கம்பியில் நீளவாட்டில் நேர்கோடுகள் பதிந்திருக்கும். பழங்காலத் தொழிலாளி மெல்லிய தகட்டிலிருந்து ஒடுங்கிய கீற்றை வெட்டி, அதை முறுக்கி, இரண்டு சமதளப் பரப்புகளுக்கிடையே உருட்டி இறுக்குவதுண்டு. அத்தகைய கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒரு மெல்லிய பொருத்துக்கோடு தெரியும். கடதாசிக் கீற்றொன்றை விரலால் முறுக்கிப் பாருங்கள், அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்பது உடனே விளங்கும். பின்னர் மெல்லிய செப்புத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி இளக்கி, அதே வேலையைச் செய்து பழகலாம். தேய்ந்த அணியில் கோடு மறைந்திருக்கக்கூடும் என்பதால், அது தெரியாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

குறுமணி வேலை, அதாவது சிறு பொன்மணிகளைத் தகட்டில் ஒட்டவைக்கும் வேலை, அகாமனிசியருக்கும் முந்தியது. காஸ்பியன் கடலுக்குத் தெற்கே, 1961–62இல் அகழப்பட்ட மார்லிக் கல்லறைகளின் பொன்னணிகளில் அது உண்டு. தங்கத் துணுக்குகளைக் கரித்தூளில் இட்டுச் சூடாக்கினால் அவை உருகித் தாமாகவே உருண்டையாகும். அவற்றைச் செப்புச் சேர்மம் கலந்த பசையால் ஒட்டிச் சூடேற்றும்போது, பசை கரியாகி, அக்கரி செப்பைப் பிரித்தெடுக்க, மணியும் தகடும் தொடும் புள்ளியில் மட்டும் தங்கத்தின் உருகுநிலையான 1064 பாகை செல்சியசுக்குக் கீழேயே பிணைப்பு உண்டாகிறது. ஆகவே மணிகளின் அடியைப் பெருப்பித்துப் பாருங்கள். பற்றாசு (பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவை) வழிந்து இடைவெளிகளை நிரப்பியிருந்தால் அது வேறு முறை.

இனிக் கல் பதித்த குழிகள். 1877–1880 காலப்பகுதியில் மத்திய ஆசியாவில், ஒக்சஸ் என்று பண்டு அழைக்கப்பட்ட ஆமு தாரியா ஆற்றங்கரையில் கிடைத்த ஒக்சஸ் புதையலின் சிறகுவிலங்குத் தலைக் கைக்காப்புகளில் பெரும்பாலான குழிகள் வெறுமையாக உள்ளன. அது நமக்கு நல்லதே. குழியின் சுவரும் அடித்தளமும் அப்படியே தெரிகின்றன. பதிப்பு நிறைந்த காப்பைப் பார்க்க விரும்பினால், 1901இல் ஈரானின் பழைய நகரான சூசாவில் வெண்கலப் பேழையொன்றில் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டுடன் கிடைத்து, இன்று லூவரில் இருக்கும் அணிகளை எடுங்கள். பொன்னும் கல்லும் வந்த வழியை அகாமனிசிய மன்னன் தாரியஸே சூசா அரண்மனைக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான்: பொன் சார்டிசிலிருந்தும் பாக்திரியாவிலிருந்தும், லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லும் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லும் சொக்தியானாவிலிருந்தும், டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல் குவாரசத்திலிருந்தும் வந்தன, பொன்வேலை செய்தோர் மேதியரும் எகிப்தியரும். பாரசீக நகை என்று நாம் சொல்வதில் எத்தனை நாட்டவர் கை இருக்கிறது!

பொன்னின் மாற்றைப் படத்தில் அறிய முடியாது, உரைகல் தேவை. ஆனால் மேற்பரப்பில் ஊசிமுனையளவு வெள்ளிநிறப் புள்ளிகள் தெரிந்தால், அவை ஆற்றுமணலில் அரித்தெடுத்த பொன்னோடு வந்த ஒஸ்மியம், இரிடியம் போன்ற உலோகங்களாக இருக்கலாம்.

கிடைத்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரானிலுள்ள பழைய அகாமனிசியத் தலைநகரான பசர்காடேயில் அகாமனிசியப் பொன்னணிகள் ஒரு மண்குடத்துக்குள்ளே கிடைத்தன. இடம்பெயரும் அவசரத்தில் நகையை மண்ணில் புதைத்த குடும்பங்கள் உள்ள வன்னியில் அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் நூதனசாலைப் பதிவெண்ணையும் அளவையும் எழுதுங்கள். பதிவெண் இருந்தால்தான் அதே அணியின் பின்பக்கப் படத்தைத் தேடி எடுக்கலாம். பற்றவைத்த தடயம் பெரும்பாலும் பின்பக்கத்திலேயே இருக்கும்.