யுகுலேலே: தந்தி கட்டும்போதும் பிரடை திருகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிற்றார் போன்ற நான்கு தந்திச் சிறு வாத்தியமான யுகுலேலேயின் சுருதி நிற்காவிட்டால் திருகோணமலையில் நம்மவர்கள் முதலில் வாத்தியத்தையே குறை சொல்வார்கள். பழுதோ அநேகமாகத் தந்தி கட்டிய விதத்திலும் பிரடை (தந்தியை இறுக்கித் தளர்த்தும் முளை) திருகிய விதத்திலுமே இருக்கும்.

இவற்றுள் மிகக் கேடானது, பாடுபவரின் சுருதிக்காக நான்கு தந்திகளையும் ஏற்றிக் கட்டுவது. ஜி, சி, இ, ஏ என்னும் வழக்கமான முறையில் சி தந்தி, பாடகர் வழக்கில் 1 கட்டை எனப்படும் சுருதியில் நிற்கும். அதை 2 கட்டைக்கு உயர்த்துவது சிறு மாற்றமாகவே தோன்றும். ஆனால் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஒவ்வொரு தந்தியும், பலகையில் ஒட்டித் தந்திகளைத் தாங்கும் குதிரையை ஏறத்தாழ 26 சதவீதம் அதிகமாக இழுக்கத் தொடங்கும். தந்தி நீளம் குறைந்த சொப்ரானோ என்னும் சிறிய வகை யுகுலேலே அதைத் தாங்கும். ஏற்கெனவே இறுக்கம் கூடிய டெனர் என்னும் பெரிய வகையிலோ காலப்போக்கில் குதிரையின் ஒட்டு விட்டுப்போகலாம். இரண்டாம் மெட்டில் கபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் அதே சுருதி எவ்விதச் சேதமும் இன்றிக் கிடைக்கிறது. உலோகத் தந்தி பூட்டுவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். நைலோன் தந்திக்கென இழைத்த மெல்லிய பலகை அந்த இழுவைக்கு உரியதல்ல.

கிற்றார் பழகியவர்கள் நான்காம் தந்தியான ஜியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தொய்யவிடுவதும் உண்டு. சுருதி பார்க்கும் கைபேசிச் செயலி ஸ்தாயியைக் காட்டாமல் சுரத்தின் எழுத்தை மட்டும் காட்டுமானால் இந்தப் பிழை தெரியாது. வழக்கமான தந்தித் தொகுதியில் ஜி, சியைவிட மேலே ஒலிக்க வேண்டும்.

பிரடையைத் திருகியும் சுரம் அசையாமல் நின்று, பின்பு "டிக்" என்ற ஒலியோடு சட்டென்று தாவினால், தந்தி கழுத்தின் உச்சியில் அதைத் தாங்கும் சிறு துண்டின் பள்ளத்தில் சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது பிரடையோடு மல்லுக்கட்டாமல், தந்தியைத் தளர்த்திப் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். சுரம் மேலே போய்விட்டால் அங்கிருந்து இறக்கி நிறுத்தக் கூடாது. நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றி வந்தால்தான் பல்சக்கரத்தின் இடைத்தளர்வு எடுபடும்.

பல்சக்கரம் இல்லாத உராய்வுப் பிரடை தானாகப் பின்வாங்கினால், அதன் முனையிலுள்ள சிறு திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் போதும். அதற்கு எண்ணெய் விடவே கூடாது, ஏனெனில் தந்தியைப் பிடித்து வைத்திருப்பதே அந்த உராய்வுதான்.

புதிய நைலோன் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அதற்காக மேலதிகமாக இறுக்காமல், கையால் மெல்ல இழுத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். இரவுதோறும் தளர்த்தி வைப்பவர்களின் தந்தி ஒருநாளும் படியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் உலர்வதாலும், மாரியில் ஈரம் ஏறுவதாலும் சுருதி சற்று நகர்வது இயல்பு. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வாத்தியத்தை விட்டுவைப்பதே உண்மையான ஆபத்து. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் வாசித்து வந்தால் உலோகப் பிரடைகளை அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் பல்சக்கரம் துருவேறிவிட்டால் பிரடையையே மாற்ற நேரிடும்.