ஜெராக்ஸ் நகல் பல வருடம் நிற்க வேண்டுமா? எடுக்கும்போதே கவனியுங்கள்

பழைய ஃபைல் ஒன்றிலிருந்து நகலை உருவினேன். எழுத்தில் பாதி பிளாஸ்டிக் உறையிலேயே தங்கிவிட்டது. தாளில் சாம்பல் நிழல்தான் மிச்சம். அசல் எப்போதோ தொலைந்திருந்தது.

ஜெராக்ஸில் இருப்பது மையே இல்லை. டோனர் என்பது கார்பன் கலந்த பிளாஸ்டிக் பொடி. இயந்திரத்துக்குள் இருக்கும் ஃபியூசர் அதைச் சூட்டில் இளக்கி, அழுத்தித் தாளில் ஒட்டவைக்கிறது. கார்பன் வெளிச்சத்தில் மங்காது. அதனால் கறுப்பு நகல் வெளுத்துப்போகுமோ என்று பயப்பட வேண்டாம். எழுத்து உதிரலாம், தாள் மக்கலாம், உறை எழுத்தைப் பிடுங்கலாம். பார்க்க வேண்டியது இவற்றைத்தான்.

படி 1: எதை முதலில் எடுப்பது?

வழவழப்பான பில்கள், பழைய ஃபேக்ஸ் தாள்கள். இவை சூட்டில் கறுக்கும் ரசாயனம் பூசிய தெர்மல் தாள்கள். எழுத்து தானாகவே மறைந்துவிடும். அவற்றை லேமினேட் செய்யாதீர்கள், சூடு பட்டுத் தாள் முழுக்கக் கறுத்துவிடும். அடுத்து செய்தித்தாள் நறுக்குகள்.

படி 2: தாள்

கடையில் ‘அமிலமற்றது’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஐ.எஸ்.ஓ. 9706 என்ற எண்ணைத் தேடுங்கள். 1994-இல் வந்த, நீண்டகாலத் தாளுக்கான தரம் அது. தாளைப் பழுப்பாக்கும் லிக்னினுக்கு அதில் வரம்பு உண்டு. குறைந்தது 2 சதவீதக் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பும் இருக்க வேண்டும். காலப்போக்கில் தாளில் சேரும் அமிலத்தை அதுதான் முறிக்கிறது.

படி 3: இயந்திரம்

நகல் எடுக்கும் எல்லா இயந்திரமும் டோனர் இயந்திரம் இல்லை. இங்க்ஜெட்டாக இருந்தால் சாய மை ஈரத்தில் கலையலாம், வெளிச்சத்தில் மங்கலாம். எது என்று கேட்டுவிடுங்கள். டோனர் சிக்கன அமைப்பை அணைத்து, ஒரு பக்கம் மட்டும் எடுங்கள். தடித்த தாள் என்றால் தடித்த தாளுக்கான அமைப்பை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். அத்தாள் சூட்டை அதிகம் வாங்கிக்கொள்ளும். சூடு பற்றாவிட்டால் டோனர் மேலோடு நிற்கும்.

படி 4: சோதனை

பலரும் விட்டுவிடுவது இதைத்தான், ஆனால் ஒரு நிமிட வேலை. முதலில் ஒரு நகலைச் சோதனைக்கென்றே எடுங்கள். கறுப்பு அடர்ந்த இடத்தில் தாளை மடித்து, விரித்து, விரலால் தேயுங்கள். கறுப்பு பொடியாக உதிர்ந்தால் சரியாக ஒட்டவில்லை. அப்புறம் எழுத்தின் மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரியுங்கள். நல்ல நகலிலும் தாளின் நார் கொஞ்சம் டேப்பில் வரும், அது பரவாயில்லை. எழுத்தே டேப்பில் படிக்கும்படி வந்துவிட்டால் ஃபியூசரில் கோளாறு. வேறு இயந்திரம் பாருங்கள். தயவுசெய்து அசலில் இதைச் செய்து பார்க்காதீர்கள்!

படி 5: உறையும் இடமும்

என் நகலைக் கெடுத்தது பி.வி.சி. உறை. அதை வளையவைக்கச் சேர்க்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து டோனரை இளக்கிவிடுகிறது. திறந்ததும் பிளாஸ்டிக் நெடி தூக்கலாக அடிக்கும் உறையைச் சந்தேகப்படுங்கள். பாலியஸ்டர், பாலிப்ரோப்பிலீன் உறைகள் பாதுகாப்பானவை. அமிலமற்ற தாள் உறையும் ஆகும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், வேண்டாம். சூடான அலமாரியில் கனமாக அடுக்கினால் ஒரு தாளின் எழுத்து அடுத்த தாளில் ஒட்டும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் குளிர்ந்த இடம் நல்லது. எடுத்த தேதியைப் பின்பக்கம் பென்சிலில் குறியுங்கள்.

ஏற்கெனவே உறையில் ஒட்டிப்போன நகல் இருந்தால் உருவவே உருவாதீர்கள். உறையோடு அப்படியே ஸ்கேனரில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் பிரிக்கப் பாருங்கள். நான் இதை உருவிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.