வெளிநாட்டுக் கடற்கரைக்கு முதல் பயணம்: நாகர்கோவிலிலிருந்து திட்டமிடுவது எப்படி?

"கடல் பாக்கவா காசு செலவழிச்சு வெளிநாடு போகணும்? நம்ம முட்டத்துல இல்லாத கடலா?" என்று வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்துக் கடல் திறந்த கடல்; அலை தடையில்லாமல் வந்து கரையில் அறையும். சொத்தவிளையில் காற்று வாங்கலாம், தேங்காப்பட்டணத்தில் கால் நனைக்கலாம். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் மிதந்தபடி, கீழே மீன் மேய்வதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பவளத்திட்டு அரணாக நின்று அலையை வெளியிலேயே உடைத்துவிடும் இடங்களில்தான் அது கிடைக்கும். அந்த அமைதியான, தெளிந்த தண்ணீருக்காகத்தான் இவ்வளவு தூரம் போகிறோம். டிக்கெட், தங்குமிடம், நாள் எல்லாவற்றையும் அதை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

படி 1: மாதத்தைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

பலர் ஆஃபரைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு, பிறகுதான் வானிலையைப் பார்க்கிறார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைப்பதே பல சமயம் அங்கே மழைக்காலம் என்பதால்தான். ஜூனில் நம் ஊரை நனைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மாலத்தீவிலும், இலங்கையின் தென்மேற்குக் கரையிலும், தாய்லாந்தின் புக்கெட், கிராபி பகுதிகளிலும் அதே நேரத்தில்தான் அடிக்கிறது. கடல் கலங்கி, கரையில் சிவப்புக் கொடி பறக்கும். ஹோட்டல் பாதி விலைக்குக் கிடைத்து என்ன பயன்?

அரையாண்டு விடுமுறை, பொங்கல் என்றால் மாலத்தீவு, இலங்கையின் உனவட்டுன, மிரிஸ்ஸ, தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி எல்லாமே நல்ல நிலையில் இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் மட்டும் விலை எகிறும். பொங்கலை ஒட்டிப் போனால் அதே கடலைக் குறைந்த செலவில் பார்க்கலாம்.

கோடை விடுமுறையில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாலத்தீவை ஏப்ரல் வரை நம்பலாம். மே நடுவில் காற்று திரும்பிவிடும். ஆனால் அதே மே மாதத்தில் இலங்கையின் கிழக்குக் கரை அடங்கிக் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் செப்டம்பர் வரை நன்றாக இருக்கும். பாலியிலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மலேசியாவின் கிழக்கில் உள்ள பெர்ஹென்தியான் தீவுகளுக்கும் அதுதான் பருவம்.

முதல்முறை போகிறவர்களுக்கு, கோடை என்றால் திருகோணமலையைத்தான் நான் சொல்வேன். நிலாவெளியிலிருந்து படகில் சிறிது நேரத்தில் புறாத்தீவு வந்துவிடும். அது தேசியப் பூங்கா, சுற்றிலும் பவளப்பாறை. ஆட்டோக்காரரிடமும் படகுக்காரரிடமும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். கூட வரும் அம்மாவுக்குக் கோணேசர் கோயில் இருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்றால் மாஃபுஷி போல, மாலத்தீவில் ஊர் மக்கள் வாழும் தீவு ஏதாவது ஒன்று போதும்.

படி 2: பாஸ்போர்ட்

நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பல நாடுகள் இதில் கண்டிப்பு. புதிதாக எடுக்கிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து, நேர்காணல் நாள் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். இனிஷியல் விரிவில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கலாம். அந்தக் குடியகல்வு அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான்; சுற்றுலாவுக்குத் தேவையில்லை. ஆனாலும் திரும்பி வரும் டிக்கெட்டையும் ஹோட்டல் முன்பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

படி 3: விமானம்

நமக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான். மாலே, கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் நகரங்களுக்கு அங்கிருந்து நேரடி விமானங்கள் இருக்கும்; கால அட்டவணை சீசனுக்கு சீசன் மாறும். மாலேக்குப் பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுதான் கூட. சென்னைக்குப் போய் மாறுவதைவிட உடம்புக்கும் பைக்கும் நல்லது.

இரண்டு விஷயங்களைக் குறித்து வையுங்கள். சர்வதேச முனையம் சாக்கை பக்கம். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். காரோட்டியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்தது, பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகத்துக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்களே கிடையாது. அந்த நாளில் டிக்கெட் இருந்தால் புறப்படும் நேரத்தை மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை நெரிசலுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரயிலில் போனாலும் ஒரு வண்டி முன்னதாகவே பிடியுங்கள்.

படி 4: உண்மையான செலவைக் கணக்குப் போடுங்கள்

பட்ஜெட் உதைப்பது இங்கேதான். மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். விருந்தினர் விடுதி ஒன்றில் இரவுக்கு 60 டாலர், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி என்று இருந்தால், அது நீங்கள் கொடுக்கப்போகும் தொகை இல்லை. முதலில் 10 சதவீத சேவைக் கட்டணம்: 66 ஆகிறது. அதன்மேல் சுற்றுலா வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம்: 77 டாலரைத் தாண்டுகிறது. அப்புறம் பசுமை வரி. 2025 ஜனவரி முதல் சிறிய விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டுகளில் 12. இரண்டு பேருக்கு 12 டாலர் சேர்த்தால் 89 டாலர். அறுபது என்று நினைத்த அறை ஒன்றரை மடங்காகிவிட்டது.

அடுத்தது போக்குவரத்து. ரிசார்ட் விலையைப் பார்த்து மயங்கும் முன், அங்கே போய்ச் சேர என்ன வண்டி என்று கேளுங்கள். கடல் விமானம் என்றால் ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் விமான நிலையத்தை ஒட்டியுள்ள ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க வேண்டியதுதான். ஊர்த் தீவுகளுக்கு ஸ்பீட் போட் போகும். மாஃபுஷிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். அரசு படகுக் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் வெள்ளிக்கிழமை பொதுவாக ஓடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர் வரை வாங்கலாம். இந்திய ரூபாய் 25,000க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையில் ரசீதோடு வாங்குங்கள். கிழிந்த, எழுத்து கிறுக்கிய நோட்டு கொடுத்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். பேக்கேஜாக ஏஜென்சியில் எடுத்தால் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பார்கள். வருமான வரித் தாக்கலில் அதைக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம்.

படி 5: இணையப் படிவங்கள்

மாலத்தீவுக்குப் போக இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணைய வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும். இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்ற இணையப் பயண அனுமதி, தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் அவற்றின் இணைய வருகை அட்டைகள். இமுகாவும் இந்த வருகை அட்டைகளும் இலவசம். கூகுளில் தேடினால் மேலே வரும் தளம் இவற்றுக்குக் காசு கேட்டால், அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் அன்று ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் அரசுத் தளத்திலேயே பாருங்கள்.

படி 6: பை

நம் வீடுகளில் பை கட்டும்போது தேங்காய் இல்லாமல் இருக்காது. கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அதில் எண்ணெய் அதிகம், சூட்டில் தானே தீப்பிடிக்கக்கூடியது. தேங்காய் எண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பையில் போகட்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசா சேர்த்து அரைத்த மசாலாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். மாலத்தீவுக்கு மதுவும், வழிபாட்டுக்கான சாமி சிலைகளும் கொண்டுபோகக் கூடாது. அங்கே ஊர்த் தீவுகளில் நீச்சல் உடைக்கென்று ஒதுக்கிய கரை தனியாக இருக்கும். மற்ற இடங்களில் தோளும் முட்டியும் மூடிய உடை.

முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று அவசியம் வாங்குங்கள். குப்புற மிதக்கும்போது முதுகு வெந்துபோவது மறுநாள்தான் தெரியும். பயணக் காப்பீடு எடுக்கும்போது நீர் விளையாட்டு விபத்துக்கும் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

படி 7: தண்ணீரில் இறங்கும் முன்

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. புயல் எதுவும் அன்று இல்லை. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் பிறந்த அலை, நாட்கணக்கில் பயணம் செய்து, அமைதியான நாளில் கரையேறும். கள்ளக்கடல் என்று நம் மீனவர்கள் சொல்வது அதைத்தான். இதே கடல்தான் மாலத்தீவையும் இலங்கையையும் தொடுகிறது. அங்கே போனாலும் உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் இறங்காதீர்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். ஒரு மிதியில் உடைவது வளர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். மாலத்தீவிலிருந்து பவளத்தை வெளியே கொண்டுவருவது குற்றம், இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது.

முகமூடியையும் சுவாசக் குழாயையும் ஊரிலேயே ஒரு நீச்சல் குளத்தில் பழகிக்கொண்டு போனால் முதல் நாள் வீணாகாது. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறிக் கழற்ற வேண்டாம். தலையை நீருக்கு மேலே தூக்கி, முகமூடியின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும். நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு இதைப் பயமில்லாமல் செய்ய வந்த பிறகே ஆழத்துக்குப் போங்கள்.