அமெரிக்க பிரைமரி சர்ச்சைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்டர்கேட்டை இன்றுவரை ‘வாட்டர்கேட் ஊழல்’ என்றுதான் எழுதுகிறோம். ஊழல் என்றதும் நம் மனதில் டெண்டர், கமிஷன், பணப்பெட்டி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் 1972-இல் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்தது, அதிபர் நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்து ஒட்டுக்கேட்கச் செய்த முயற்சி. அப்புறம் அதை மூடி மறைக்கப் பார்த்தது. அதிபர் வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்களே மாநிலம் மாநிலமாக வாக்களித்து முடிவு செய்யும் பிரைமரி காலத்தில் கிளம்பும் விவகாரங்களும் பெரும்பாலும் பண விவகாரங்கள் அல்ல. கள்ள உறவு, அடுத்தவரிடமிருந்து சுட்ட மேடைப் பேச்சு, பழைய வீடியோ, கோர்ட் வழக்கு என்று பலவகை. எல்லாவற்றையும் ‘ஊழல்’ என்றே எழுதினால், ஒன்று ஏன் ஆளைக் கவிழ்த்தது, இன்னொன்று ஏன் கீறல்கூடப் போடவில்லை என்பது விளங்காது. வழக்கை வழக்கு என்றும் வதந்தியை வதந்தி என்றும் எழுதினாலே பாதி தெளிவு வந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, தேதி பார்க்காமல் கதை சொல்வது. எனக்கு அதிகம் எரிச்சல் தருவதும் இதுதான்.

1988 தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சிப் போட்டியில் கேரி ஹார்ட் முன்னணியில் இருந்தார். ஓர் இளம்பெண் அவர் மடியில் உட்கார்ந்திருக்கும் படம்தான் அவரை வீழ்த்தியது என்று பலரும் சொல்வார்கள். அவருக்குக் கள்ள உறவு இருப்பதாக மயாமி ஹெரால்டு பத்திரிகை செய்தி வெளியிட்டது 1987 மே 3. அவர் விலகியது மே 8. அந்தப் படம் அச்சேறியதோ அதற்கும் சில வாரங்கள் கழித்து. ‘வேண்டுமானால் என் பின்னாலேயே வந்து பாருங்கள்’ என்று அவர் சவால் விட்டதால்தான் நிருபர்கள் பின்தொடர்ந்தார்கள் என்ற கதையும் இதே ரகம். அந்தச் சவால் வேறொரு பத்திரிகையில் வெளியானது அதே மே 3 ஞாயிற்றுக்கிழமை. ஹெரால்டு நிருபர்கள் தொலைபேசியில் வந்த ஒரு துப்பை நம்பி, அதற்கு முன்பே வாஷிங்டனில் அவர் வீட்டைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீன் கதையும் தலைகீழாகத்தான் உலவுகிறது. 2004 ஜனவரி 19 இரவு மேடையில் அவர் போட்ட கூச்சல் டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. அதனால்தான் தோற்றார் என்பார்கள். அன்று, முதலில் வாக்களித்த மாநிலமான அயோவாவின் முடிவுகள் வந்து, மூன்றாம் இடம் என்று தெரிந்த பிறகுதான் அவர் அந்த மேடைக்கே வந்தார். கூச்சல் அவருக்கு நல்லது செய்யவில்லை, சரி. ஆனால் முதல் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

பெண்களைப் பற்றி டிரம்ப் கொச்சையாகப் பேசிய ‘ஆக்சஸ் ஹாலிவுட்’ டேப்பை 2016 பிரைமரியோடு சேர்த்துப் பேசுவதும் உண்டு. அது வெளிவந்தது அக்டோபர் 7. அவர் வேட்பாளராகி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. 34 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது 2024 மே 30. கட்சி மாநாட்டில் வாக்களித்து அவரை வேட்பாளராக்கத் தேவையான பிரதிநிதிகள் மார்ச் 12-ஆம் தேதியே அவர் கைக்கு வந்துவிட்டார்கள். எழுதுவதற்கு முன் விவகாரம் வெடித்த நாளையும் அந்த மாநிலம் வாக்களித்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துப் பாருங்கள். தபாலில் முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி பல மாநிலங்களில் இருப்பதால், வாக்குப்பதிவு நாளை மட்டும் பார்த்தாலும் போதாது.

முதலிடம் என்றால் வெற்றி, இரண்டாமிடம் என்றால் தோல்வி என்று நினைப்பதும் பிரைமரியில் எடுபடாது. 1972-இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் முன்னணியில் இருந்த எட்மண்ட் மஸ்கி, தன் மனைவியைத் தாக்கி எழுதிய பத்திரிகையின் அலுவலக வாசலில் பனியில் நின்று பேசினார். கன்னத்தில் வழிந்தது கண்ணீரா பனியா என்ற வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அவருக்கு 46 சதவீதம் கிடைத்தது, முதலிடமும் அவருக்குத்தான். ஆனாலும் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று அதைச் சறுக்கலாகவே பேசினார்கள். 1992-இல் கள்ள உறவுக் குற்றச்சாட்டு, வியட்நாம் போர்க்காலக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து நழுவிய புகார் இரண்டும் சேர்ந்து பில் கிளின்டனைத் துரத்தின. அதே நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 25 சதவீதத்தோடு இரண்டாமிடம். அன்றிரவே மேடையேறித் தன்னை ‘மீண்டு வந்த பிள்ளை’ என்று அறிவித்துக்கொண்டார். முதலிடம் பிடித்த பால் சாங்கஸ் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸ்காரர் என்பதும் கிளின்டனுக்கு வசதியாகப் போயிற்று.

சரி, சர்ச்சையால் வாக்காளர் உற்சாகம் கூடுமா? 2023-இல் டிரம்ப் மீது நான்கு கிரிமினல் வழக்குகள் பதிவாகின. அட்லாண்டா சிறையில் எடுத்த படத்தையே அவருடைய பிரசாரக் குழு டி-ஷர்ட்டில் போட்டு விற்றது. அடுத்த ஜனவரியில் அயோவாவில் 51 சதவீதம். ‘வழக்கு வந்தால் உற்சாகம் கூடும்’ என்று உடனே விதி எழுதிவிடுகிறோம். ஆனால் அயோவாவில் அன்று வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். 2016-இல் சுமார் 1,87,000. எலும்பை உறைய வைக்கும் குளிர் ஒரு காரணம். முடிவு முன்பே தெரிந்துவிட்டது இன்னொரு காரணமாக இருக்கலாம். எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் குடியரசுக் கட்சி பிரைமரியில் கூட்டம் சாதனை அளவைத் தொட்டது. அதையும் டிரம்ப் கணக்கில் எழுத முடியாது. அங்கே கட்சி சாராதவர்களும் வாக்களிக்கலாம், அவர்களில் பெரும்பங்கு டிரம்ப்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலி பக்கம் போனது.

அதே கட்சியில் 2011 அக்டோபரில் கருத்துக்கணிப்புகளின் உச்சியில் இருந்தவர் ஹெர்மன் கெய்ன். பாலியல் தொல்லைப் புகார்கள் வந்தன. டிசம்பர் 3 அன்று பிரசாரத்தை ‘நிறுத்திவைப்பதாக’ அறிவித்தார். (இதைத் ‘தற்காலிகமாக நிறுத்தினார்’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே அது விலகுவதைச் சொல்லும் நாசூக்கான வழி.) அவருடைய ஆதரவாளர்களுக்குப் போக சக போட்டியாளர் நியூட் கிங்ரிச் என்ற இன்னொரு வாசல் திறந்திருந்தது. 2023-இல் டிரம்ப் ஆதரவாளர்கள் அப்படி ஒரு வாசலைத் தேடவே இல்லை. சர்ச்சையின் கனத்தைவிட இதுதான் முக்கியம் என்பது என் கணிப்பு.

பிரைமரிக் கூட்டத்தை வைத்து நவம்பர் அதிபர் தேர்தலைக் கணிப்பதும் வேண்டாம். 1988-இல் ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில் சுமார் 2.3 கோடிப் பேர் வாக்களித்தார்கள், குடியரசுக் கட்சியில் சுமார் 1.2 கோடி. நவம்பரில் குடியரசுக் கட்சியின் புஷ் 40 மாநிலங்களை வென்றார்.

அந்த ஆண்டு ஹார்ட்டும் ஒருமுறை திரும்பி வந்தார். 1987 டிசம்பரில் மறுபடி களமிறங்கியதும் தேசியக் கருத்துக்கணிப்புகளில் நேராக முதலிடம். சர்ச்சையால்தான் வீட்டுக்கு வீடு அவர் பெயர் தெரிந்திருந்தது. கேட்டவுடன் மக்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குகளை எண்ணியபோது கிடைத்தது சுமார் 4 சதவீதம். மார்ச்சில் இரண்டாவது முறையாக விலகினார்.