மைக்ரேன் மாத்திரை: எப்போது போடுகிறோம் என்பதில்தான் தவறு

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், தாங்க முடியாவிட்டால் மாத்திரை போடலாம்." மைக்ரேன் உள்ளவர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

வலி கிளம்பும்போது முக்கிளை நரம்பின் (முகம், தலையின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) முனைகள் மூளையுறையில் சிஜிஆர்பி என்ற பொருளை வெளிவிடுகின்றன. 37 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துணுக்கு அது. கூடவே காக்ஸ் என்ற நொதி புராஸ்டாகிளாண்டின்கள் என்ற வலி தூண்டும் பொருள்களை உண்டாக்கி, அந்த முனைகளை இன்னும் உசுப்பிவிடுகிறது. இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை தடுப்பது இந்த நொதியைத்தான். ஆரம்பத்தில் துடிப்பது நரம்புமுனைகள் மட்டுமே. அடக்காமல் விட்டால், பலருக்கு மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக்களும் அதே நிலைக்கு வந்துவிடும். அப்புறம் சீப்பு பட்டாலே தலை வலிக்கும், மூக்குக் கண்ணாடி போட்டால் காதோரம் எரியும். அந்தக் கட்டத்தில் போடும், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரை பல நேரம் அரைகுறையாகத்தான் கேட்கும். போதாக்குறைக்கு இரைப்பையும் மந்தமாகிவிடுவதால், விழுங்கியது ரத்தத்தில் சேரவே நேரமாகும்.

சரி, லேசாகத் தலை கனத்தாலே போட்டுவிடலாமா? அதுவும் ஆபத்து. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான், அல்லது 15 நாளோ அதற்கு மேலோ இபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்றவை என்று 3 மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் போட்டோம் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கை நெருங்கினால் தலைவலி வராமலே தடுக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் பேசியாக வேண்டும். சிஜிஆர்பியையே குறிவைக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் புழக்கத்தில் உள்ளன.

ரத்தக்குழாய் விரிவதுதான் மைக்ரேன் என்ற பழைய விளக்கத்தை இன்னும் நம்புவதும் தவறு. இந்த ஊசிகள் ரத்தக்குழாயைச் சுருக்குவதில்லை, ஆனாலும் பலருக்குத் தாக்குதல்கள் குறைகின்றன.

டிரிப்டான் அப்படியல்ல, அது ரத்தக்குழாயைச் சுருக்கும். அதனால் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது ஆகாது. இன்னொருவருக்குக் கேட்டது என்று அவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. டிரிப்டான் வகையில் ஒன்றான சுமாட்ரிப்டானை உடலில் சிதைப்பது மாவோ-ஏ என்ற நொதி. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். மாத்திரையின் அளவு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறும். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.