மூளைத்தண்டு ரத்தக்கசிவு: வீடு திரும்பிய பின் நடக்கும் தவறுகள்

"கை கால் எப்போது வரும்?" என்றுதான் எல்லாக் குடும்பமும் முதலில் கேட்கும். மூளைத்தண்டில் ரத்தம் கசிந்தவருக்கு அதைவிட அவசரமானது தொண்டை. விழுங்க, இரும, மூச்சுவிட, கண்ணை அசைக்க வேண்டிய நரம்பு மையங்கள் எல்லாம் கட்டைவிரல் பருமனான அந்தத் தண்டுக்குள் நெருக்கியடித்து இருக்கின்றன. பெருமூளையில் சிறியதாகக் கருதப்படும் 5 மில்லி கசிவு, தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூக்கில் உணவு டியூப் இருக்கும்போதே "ஒரு வாய் தண்ணீர்தானே" என்று ஊட்டுவது மிக ஆபத்தான தவறு. கூழைவிடத் தண்ணீர் வேகமாக இறங்கும். தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமவில்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது, பலருக்கு இருமும் உணர்வே செத்திருக்கும். விழுங்கியபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, சளி கூடுவது, காரணமில்லாத காய்ச்சல் ஆகியவைதான் அடையாளம். பேச்சுப் பயிற்சியாளர் விழுங்கும் திறனைச் சோதித்துச் சொன்ன பதத்தில் மட்டுமே வாய்வழி உணவு.

டியூப்பில் கொடுக்கும்போதும் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே டியூப்பில் உள்ள குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விடுங்கள். முடிந்ததும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்குவது எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே இறங்கி நிமோனியா உண்டாக்குவது பெரும்பாலும் அந்த அழுக்கு எச்சில்தான். நாலு வாரத்துக்கு மேல் டியூப் தேவை என்றால் வயிற்றுவழி டியூப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். "வயிற்றில் ஓட்டையா" என்று மிரள வேண்டாம், தேவை தீர்ந்ததும் எடுத்துவிடலாம்.

அடுத்த தவறு, அசையாதவரை நினைவில்லாதவர் என்று முடிவுகட்டுவது. பான்ஸ் பாதிக்கப்பட்டால் முகமும் கை கால்களும் முடங்கி, மேலும் கீழும் பார்ப்பதும் இமைப்பதும் மட்டும் மிஞ்சலாம்; அவற்றை இயக்குவது பான்ஸுக்கு மேலுள்ள நடுமூளை. "ஆமாம் என்றால் மேலே பாருங்கள்" என்று வெவ்வேறு நேரங்களில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எழுத்துப் பலகைக்குப் போகலாம். 247 எழுத்தையும் அடுக்க வேண்டாம். முதலில் வல்லினமா, மெல்லினமா, இடையினமா; பிறகு அதிலுள்ள ஆறில் எது; கடைசியில் எந்த உயிர். உயிரெழுத்துக்கும் ஆய்தத்துக்கும் தனி வரிசை ஒன்று போதும்.

மூடாத கண்ணைக் கவனிக்காமல் விடுவதால் பார்வை போனவர்கள் உண்டு. உணர்ச்சி மரத்த கண் உறுத்தாது, புண்ணானாலும் தெரியாது. பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப்.

தேறும் வாய்ப்பைத் தீர்மானிப்பவை ரத்தத்தின் அளவு, அது நடுவிலா ஓரத்திலா என்பது, முதல் நாள் மயக்கத்தின் ஆழம், வயது. ரத்தக்குழாய் முடிச்சு கசிந்தவர்கள் உயர் ரத்த அழுத்தத்தால் கசிந்தவர்களைவிடப் பொதுவாக நன்றாகத் தேறுவார்கள். முன்னேற்றம் முதல் 3 முதல் 6 மாதங்களில் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. ஆறு மாதம் ஆனதென்று பிசியோவை நிறுத்துவது அதனால்தான் தவறு. சில மாதம் கழித்து அண்ணமோ கண்ணோ துடிக்க ஆரம்பித்தால் மறுபடி கசிந்துவிட்டது என்று பதறுவார்கள். பழைய காயத்தின் தாமத விளைவாகவும் இது வரும், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிபி 130/80-க்குக் கீழே வந்ததே மாத்திரையால்தான். நார்மல் ஆகிவிட்டதென்று நிறுத்தாதீர்கள். ரத்தம் உறைந்து பக்கவாதம் வந்த பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்பிரினை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.