ஆதொண்டை: வேலியில் வளர்த்து வற்றல் போடும் முறை

புதர்க்காடுகளிலும், பழைய வேலிகளிலும், வெட்டப்படாத கோயில் காடுகளிலும் பிற மரங்களைப் பற்றி ஏறிப் படரும் முட்கொடி ஆதொண்டை. ஆதண்டை என்றும் சுடுதொரட்டி என்றும் இதை அழைப்பதுண்டு. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் இச்செடி, மத்தியதரைக் கடல் நாடுகளில் மொட்டுகளை ஊறுகாயாகப் போடும் கேப்பர் செடியின் நெருங்கிய உறவு. நம் நாட்டில் உணவுக்குப் பறிப்பது மொட்டை அல்ல, பிஞ்சுக் காயை. காட்டிலிருந்து காய் பறித்து வருவதோடு நின்றுவிடாமல், இதைத் தோட்டத்து வேலியிலேயே வளர்த்துக்கொள்ளலாம்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் இரண்டு முட்கள் தொரட்டியைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். சட்டை மாட்டிக்கொண்டால், இழுக்காமல் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்த்தான் விடுவிக்க முடியும். இளந்தளிர்கள் துரு நிறப் பூந்தூள் போன்ற மென்மயிரால் மூடப்பட்டிருக்கும். இலைக்கணுவுக்குச் சற்று மேலே, கிளையின் மீதே மொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைகட்டி நிற்பதுதான் இதன் ஐயமற்ற அடையாளம். வெண்ணிறமாக விரியும் பூ வாட வாடச் சிவக்கும். நீண்ட மகரந்தத் தாள்கள் இதழ்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். உருண்டையான காய், தடித்த காம்பில் தொங்கிப் பழுக்கும்போது சிவப்பாகிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு வேலிச்செடியில் பூக்கள் சிறிய கொத்துகளாகவும், பழங்கள் பட்டாணி அளவில் கருமையாகவும் இருக்கும். வற்றலுக்கு வேண்டியது அதுவன்று.

காட்டுச் செடியைத் தோண்டி வந்து நட வேண்டாம். ஆணிவேர் ஆழமாக இறங்கியிருப்பதால் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. காட்டுக்கும் ஒரு செடி குறைகிறது. நன்கு சிவந்த பழத்தைப் பறவைகள் கொத்துவதற்கு முன் எடுத்து, சதைக்குள் புதைந்திருக்கும் விதைகளை மணலோடு சேர்த்துப் பிசைந்து கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, அதிக நாள் வைத்திராமல் விதைப்பதே நல்லது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் கலந்த நீளமான நாற்றுப் பைகளில் ஒரு விரற்கடைக்கும் குறைவான ஆழத்தில் ஊன்றி, அரை நிழலில் வைத்து, மண் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும். எல்லா விதைகளும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை என்பதால், முளைக்காத பைகளை அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நாற்றை நட்டால், அடுத்த கோடைக்குள் வேர் ஊன்றிவிடும். சரளை மண், செம்மண், பாறை இடுக்கு என எதிலும் வளரும் இச்செடிக்குத் தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. தனியாக நட்டால் புதராகக் கவிந்து கிடக்கும். பற்றி ஏற ஏதேனும் இருந்தால்தான் உயரமாகப் படரும். கொங்கு நாட்டில் உள்ளதைப் போன்ற, கிளுவை என்னும் முள் உள்ள சிறு மரத்தாலான வேலி ஏற்கெனவே இருந்தால் அதன் இடையிடையே ஊன்றுவதே சிறந்த வழி. புதிதாக வேலி அமைப்பவர் முதலில் கிளுவைப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) நட்டு, அவை துளிர்த்தபின் மூன்றடிக்கு ஒன்றாக ஆதொண்டையை நடலாம். முதலிரண்டு ஆண்டுகள் செடி வளரவே இல்லையோ என்று தோன்றும். அக்காலத்தில் ஆடுகளிடமிருந்து காப்பதும், கடுங்கோடையில் தண்ணீர் விடுவதும் போதும். காய்ப்பு முடிந்தபின் வெளியே நீளும் கிளைகளைத் தடித்த கையுறையுடன் கவாத்து செய்ய வேண்டும். பூக்கும் முன் வெட்டினால் அந்த ஆண்டுக் காய் போய்விடும்.

இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்பதைப் பார்த்தவுடன் மருந்தடிக்க நினைப்பது இயல்பு. வெள்ளை, மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழுக்களுக்கு இக்குடும்பச் செடிகளே உணவு. நன்கு வேரூன்றிய செடி தின்றுபோன இடத்தில் மீண்டும் துளிர்த்துவிடும். காயை உண்ணப் போகிறவர் மருந்தடிக்காமல் இருப்பதே முறை.

வற்றலுக்குக் காயைப் பறிக்கும் பருவம் முக்கியம். நகத்தால் அழுத்தினால் இறங்க வேண்டும். உள்ளே விதை கெட்டிப்பட்ட காய் வறுத்தாலும் பல்லில் கடினமாகவே இருக்கும். பிஞ்சுகளைக் கழுவி, லேசாக நசுக்கி அல்லது இரண்டாகக் கீறி, உப்புக் கலந்த புளித்த மோரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் வற்றும்வரை இவ்வாறு செய்து, பிறகு கையில் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும் அளவுக்குக் காயவைத்துக் காற்றுப் புகாத ஜாடியில் வைக்கலாம். ஈரம் எஞ்சியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். மோரில் ஊறியபின் காயின் கசப்பு தணியுமே தவிர முற்றிலும் போகாது. அந்தக் கசப்புக்காகவே இதை விரும்புகிறவர்கள் உண்டு. எண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். வற்றல் குழம்பில் சேர்ப்பதானால், முதலில் பொரித்தெடுத்துக் குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் போட்டால் மொறுமொறுப்புச் சற்று நிற்கும்.

இலையும் வேரும் சித்த மருத்துவத்தில் பயன்படுகின்றன. அவற்றின் அளவும் பக்குவமும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. எல்லாக் காயையும் வற்றலுக்கே பறித்துவிடாமல், கிளைக்கு ஒன்றிரண்டைப் பழுக்க விட்டால் அடுத்த நாற்றுக்கு விதை கிடைக்கும்.